அறிவியல் பாடத்துக்கு ஆண்டுத் திட்டம்: கால்க் இருந்தால் எளிது

சின்ன வகுப்புக் குழந்தைகளுக்கு அறிவியல் என்பது கண்ணால் பார்த்து, கையால் தொட்டுப் படிக்க வேண்டிய பாடம். ஆனால் பார்க்க வேண்டிய பொருள் ஒரு மாதத்தில் கிடைக்கிறது, அதைப் பற்றிய பாடம் வேறு மாதத்தில் வருகிறது. எங்கள் ஊர் திருவதிகையையே எடுத்துக் கொள்ளுங்கள். நவம்பரில் கெடிலம் ஆற்றில் தண்ணீர் ஓடும். மழை, நீர் பற்றிய பாடத்தை மார்ச் மாதம் நடத்தினால் ஆற்றில் மணல்தான் இருக்கும். மூன்றாம் வகுப்பைக் குழந்தை ஒரு முறைதான் படிக்கிறது. அந்த மழைக்காலம் போனால் போனதுதான்.

என் தங்கை தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஆண்டின் தொடக்கத்தில் நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு அழகாகத் திட்டம் எழுதுவார். நான்கு நாள் மழை விடுமுறை விட்டால் அதன் பிறகு வரும் எல்லாத் தேதிகளையும் அடித்து எழுத வேண்டும். இரண்டாவது முறை அடித்து எழுத யாருக்கும் பொறுமை இருக்காது. திட்டம் நோட்டிலேயே தங்கிவிடும். இந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்கலாமே என்று நான் வீட்டில் செய்து கொடுத்த முறையைத்தான் இங்கே விளக்குகிறேன். ஆசிரியர்களுக்கு மட்டுமல்ல, வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் பெற்றோருக்கும் இது பயன்படும்.

இதற்குத் தேவையானது லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராம். இது இலவசம். எக்ஸெல் வைத்திருப்பவர்கள் அதிலும் செய்யலாம். 2010 பதிப்பு முதல் இதே ஃபங்ஷன் அதில் உண்டு.

முதலில் பேப்பர், பிறகு கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் ஒரு தாளில் பாடங்களை மூன்று வகையாகப் பிரியுங்கள்.

முதல் வகை, தேதி மாறாதவை. வானத்தில் நடப்பவை இதில் வரும். நம் ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு நாள் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். நேராக நிற்கும் குச்சிக்கு அப்போது நிழல் விழாது. திருவதிகை சுமார் 11.8 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் இங்கே அது ஏப்ரல் 21-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 21-ஐ ஒட்டியும் நடக்கிறது. நேரம் பகல் 12 மணி 10 நிமிடத்திலிருந்து 15 நிமிடத்துக்குள். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18. ஏப்ரலில் தேர்வு, விடுமுறை என்று இருக்கும். ஆகவே பள்ளிக்கு ஏற்றது ஆகஸ்ட். அன்று ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் முதல் நாளோ மறுநாளோ பார்க்கலாம். 15 சென்டிமீட்டர் குச்சிக்கு ஒரு நாள் தள்ளிப் போனால் நிழல் ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் மாறும்.

இரண்டாவது வகை, காலத்துக்குள் நகரக் கூடியவை. எங்கள் பண்ருட்டிப் பக்கத்தில் பலா இருக்கிறது. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் பலாப்பழம் கிடைக்கும். விதை முளைப்பதைக் காட்ட பலாக்கொட்டையைப் போல வசதியானது இல்லை. பெரியது, குழந்தை கையில் பிடித்துப் பார்க்கலாம். ஆனால் அவரை விதை மாதிரி டப்பாவில் போட்டு வைத்துப் பிறகு விதைக்க முடியாது. பலாக்கொட்டை காய்ந்தால் முளைக்கும் திறனை இழந்துவிடும். எடுத்த சில நாட்களுக்குள் மண்ணில் ஊன்ற வேண்டும். ஜூலை பாதியைத் தாண்டினால் இந்தப் பாடம் கையை விட்டுப் போய்விடும்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் பிற்பாதியில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும். மழைமானி, கலங்கிய தண்ணீரைப் பாட்டிலில் தெளிய வைத்தல், தவளை, தட்டான் எல்லாம் அப்போதுதான். மார்கழிப் பனியில் புல் நுனியில் நீர்த்துளி நிற்பது ஆவி குளிர்வதற்கு நல்ல உதாரணம். முந்திரி ஜனவரி, பிப்ரவரியில் பூத்து நிற்கும். முதலில் கொட்டை தெரியும், பிறகுதான் அதன் காம்பு பருத்துப் 'பழம்' ஆகும். உண்மையில் கொட்டைதான் கனி, பழம் என்று நாம் கடிப்பது காம்பு. வாரம் ஒரு முறை ஒரே கொப்பைப் பார்த்து வந்தால் குழந்தைகளே இதைச் சொல்லிவிடுவார்கள். ஒரு எச்சரிக்கை: பச்சை முந்திரிக் கொட்டையை உடைக்க விடாதீர்கள். ஓட்டில் உள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும்.

மூன்றாவது வகை, எப்போது வேண்டுமானாலும் நடத்தக் கூடியவை. நம் உடல், விசை, காந்தம் போன்றவை. எரிபொருளும் இதில் சேரும். பக்கத்தில் நெய்வேலி இருப்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு இது வீட்டுப் பாடம் மாதிரி. 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது, 2016-லிருந்து என்.எல்.சி. இந்தியா என்ற பெயரில் இயங்குகிறது. நகரியத்தில் இந்த வட்டம், அந்த வட்டம் என்று உறவினர் வீட்டுக்குப் போய் வந்த பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். பழுப்பு நிலக்கரி என்பது புதையுண்ட தாவரங்களிலிருந்து உருவானது, எடையில் ஏறத்தாழ பாதி ஈரம் என்று சொன்னால் அவர்களுக்கே கேள்விகள் எழும். மழையோ வெயிலோ, இந்தப் பாடம் கெட்டுப் போகாது. இப்படிப்பட்ட பாடங்களைக் கையிருப்பாக வைத்துக் கொள்ளுங்கள்.

எத்தனை பீரியட் கிடைக்கும்?

கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி 1 முதல் 5-ம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள். வாரத்துக்கு ஐந்து நாளில் மூன்று நாள் அறிவியல் என்றால் 120 பீரியட். தேர்வு, விளையாட்டு விழா, ஆண்டு விழாவுக்குப் போக 100 பீரியட் என்று வைத்துத் திட்டம் போடுங்கள். 120-க்கும் பாடம் நிரப்பினால் முதல் மழையிலேயே திட்டம் உடையும்.

கால்க்கில் அமைப்பது எப்படி?

கால்க்கைத் திறந்து இரண்டு ஷீட் வைத்துக் கொள்ளுங்கள். முதல் ஷீட்டுக்குத் 'திட்டம்', இரண்டாவதற்கு 'விடுமுறை' என்று பெயர் கொடுங்கள். தமிழை யூனிகோடில் டைப் செய்யுங்கள். பழைய பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்தால் வேறு கம்ப்யூட்டரில் திறக்கும்போது புரியாத எழுத்துக்கள் தோன்றும்.

தேதி டைப் செய்யும் முன் டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் சென்று, லேங்குவேஜ் பிரிவில் லோகேல் என்ற இடத்தில் இங்கிலீஷ் (இந்தியா) இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்க முறை இருந்தால் 6/7 என்பது ஜூலை 6 ஆகாமல் ஜூன் 7 ஆகிவிடும்.

'விடுமுறை' ஷீட்டில் ஏ2 செல்லிலிருந்து கீழே அரசு விடுமுறை, தேர்வு நாட்கள், பருவ விடுமுறை எல்லாவற்றையும் ஒரு செல்லுக்கு ஒரு தேதியாக டைப் செய்யுங்கள். ஏ100 வரை இடம் ஒதுக்கலாம். காலி செல்களால் தொல்லை இல்லை.

தேதி மாறாத பாடங்களுக்கு ஒரு சின்ன தந்திரம். ஆகஸ்ட் 21 தேதியையும் இந்த விடுமுறைப் பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள். மற்றப் பாடங்கள் அந்த நாளைத் தொடாமல் தாண்டிப் போகும். நிழல் பாடத்துக்கு இடம் காலியாகக் காத்திருக்கும்.

'திட்டம்' ஷீட்டில் முதல் வரிசையில் ஏழு தலைப்புகள்: ஏ - பாடம், பி - பீரியட் எண்ணிக்கை, சி - தொடக்கம், டி - முடிவு, இ - கடைசி நாள், எஃப் - மீதி, ஜி - தேவையான பொருள். 'கடைசி நாள்' என்பது பொருள் கிடைக்கும் கடைசித் தேதி. பலாக்கொட்டைக்கு ஜூலை 15, மழைப் பாடத்துக்கு டிசம்பர் 15, பனிக்கு ஜனவரி 31. காலம் இல்லாத பாடங்களுக்கு அந்தப் பருவம் முடியும் தேதி.

இனி ஃபார்முலா.

1. சி2 செல்லில் முதல் பாடம் தொடங்கும் தேதியை டைப் செய்யுங்கள். பி2-ல் எத்தனை பீரியட் என்று எழுதுங்கள்.

2. டி2 செல்லைக் கிளிக் செய்து, இன்சர்ட் மெனுவில் ஃபங்ஷன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். தேடும் பெட்டியில் வொர்க்டே என்பதை ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். தோன்றும் பட்டியலில், வொர்க்டே என்றே தொடங்கி, புள்ளி வைத்து இன்டர்நேஷனல் என்பதன் சுருக்கம் ஒட்டியிருக்கும் ஃபங்ஷனை டபுள் கிளிக் செய்யுங்கள்.

3. நான்கு பெட்டிகள் கிடைக்கும். முதலாவதில் சி2-1. அதாவது தொடக்கத் தேதியில் ஒன்றைக் கழிக்கிறோம். அப்போதுதான் முதல் நாளும் கணக்கில் வரும். இரண்டாவதில் பி2.

4. மூன்றாவது பெட்டியில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் 0101011 என்று டைப் செய்யுங்கள். ஏழு எண்களும் திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு நாட்கள். 0 என்றால் பாடம் உண்டு, 1 என்றால் இல்லை. எனவே இது திங்கள், புதன், வெள்ளி. உங்கள் டைம்டேபிள் செவ்வாய், வியாழன் என்றால் 1010111 என்று மாற்றிக் கொள்ளுங்கள்.

5. நான்காவது பெட்டியில் கர்சரை வைத்து, 'விடுமுறை' ஷீட்டுக்குச் சென்று ஏ2 முதல் ஏ100 வரை தேர்ந்தெடுங்கள். பிறகு ஏ, 2, ஏ, 100 நான்குக்கும் முன்னால் டாலர் குறி போடுங்கள். இல்லாவிட்டால் கீழே காப்பி செய்யும்போது பட்டியல் ஒவ்வொரு வரியாக நழுவிவிடும். ஓகே கொடுங்கள்.

6. சி3 செல்லில் இதே ஃபங்ஷனை மறுபடி அமையுங்கள். முதல் பெட்டியில் டி2, இரண்டாவதில் 1. மற்ற இரண்டும் முன்போலவே. முந்தைய பாடம் முடிந்த அடுத்த பீரியடில் இது தொடங்கும் என்று அர்த்தம்.

7. டி2-ஐ டி3-க்குக் காப்பி செய்யுங்கள். எஃப்2-ல் இ2-லிருந்து டி2-ஐக் கழிக்கும் ஃபார்முலா கொடுங்கள். இனி சி3, டி3 இரண்டையும் தேர்ந்தெடுத்து மூலையைப் பிடித்துக் கீழே இழுங்கள். எஃப் வரிசையையும் அப்படியே இழுங்கள்.

தேதிக்குப் பதில் 45 ஆயிரத்தைத் தாண்டிய ஏதோ ஓர் எண் தோன்றினால் பயப்பட வேண்டாம். ஃபார்மேட் மெனுவில் செல்ஸ் சென்று டேட் என்று மாற்றினால் சரியாகிவிடும்.

மழை வந்தால் என்ன செய்வது?

கடலூர் மாவட்டக்காரர்களுக்கு இது கற்பனைக் கேள்வி அல்ல. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2015-ல் பெருமழை வெள்ளம், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் என்று பார்த்துவிட்டோம். நவம்பரில் திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளி விடுமுறை என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த ஐந்து தேதிகளையும் 'விடுமுறை' ஷீட்டில் சேருங்கள். மூன்று பீரியட் போய்விட்டது. அதன் பிறகுள்ள பாடங்கள் எல்லாம் தாமாகவே ஒரு வாரம் தள்ளிப் போயிருக்கும். அடித்து எழுதும் வேலை இல்லை.

இப்போது எஃப் வரிசையைப் பாருங்கள். எங்காவது மைனஸ் எண் தெரிந்தால் அந்தப் பாடம் தன் காலத்தைத் தாண்டிவிட்டது. அதை மேலே கொண்டு வந்து, கையிருப்புப் பாடம் ஒன்றைக் கீழே தள்ளுங்கள். வரிசையை வெட்டி ஒட்ட வேண்டாம், ஃபார்முலா குழம்பும். பாடத்தின் பெயர், பீரியட் எண்ணிக்கை, கடைசி நாள், பொருள் ஆகிய நான்கை மட்டும் இடம் மாற்றி டைப் செய்தால் போதும்.

ஒரு கட்டுப்பாடு உண்டு. தமிழ்நாட்டில் 2012-13 முதல் முப்பருவ முறை வந்தது. பருவத் தேர்வுக்கு உரிய பாடத்தை அந்தப் பருவத்தைத் தாண்டித் தள்ள முடியாது. ஒரே பருவத்துக்குள் மாற்றிக் கொள்ளலாம். பொருள் ஒரு பருவத்திலும் பாடம் வேறு பருவத்திலும் இருந்தால்? பார்ப்பதை முன்னால் முடித்து, படம் எடுத்து வையுங்கள். பலாக்கொட்டை முளைப்பதை ஜூனில் மொபைலில் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் 06-20, 06-27 என்று மாதத்தை முதலில் வைத்துப் பெயர் கொடுங்கள். படங்கள் தாமாகவே வரிசையாக நிற்கும். பாடம் வரும்போது தங்கள் கையால் ஊன்றிய கொட்டையைப் பிள்ளைகள் திரையில் பார்ப்பார்கள்.

மழைமானிக்கு ஒரு ஷீட்

நேரான பக்கங்கள் உள்ள பாட்டிலின் மேல்பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனல் போல வையுங்கள். அடிப்பகுதி மேடு பள்ளமாக இருந்தால் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பூஜ்யம் என்று கோடு போடுங்கள். வாயும் உடலும் ஒரே அகலமாக இருந்தால் 10 மில்லிமீட்டர் உயரம் என்பது 10 மில்லிமீட்டர் மழைதான். தினம் ஒரு குழந்தை அளந்து சொல்ல, மூன்றாவது ஷீட்டில் பதிவு செய்யுங்கள். மாத முடிவில் இன்சர்ட் மெனுவில் சார்ட் கொடுத்தால் வரைபடம் தயார். பள்ளி மூடியிருக்கும் நாட்களில் வீட்டிலேயே அளக்கலாம். விடுமுறையிலும் பாடம் நிற்காது.

எல்லாம் முடிந்ததும் ஃபைல் மெனுவில் பிடிஎஃப் ஆக எக்ஸ்போர்ட் செய்து, ஒரு பிரிண்ட் எடுத்து வகுப்பறைச் சுவரில் ஒட்டுங்கள். ஃபைலைப் பென் டிரைவில் ஒரு காப்பி வைத்துக் கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு விடுமுறைப் பட்டியலையும் சி2-ல் உள்ள தேதியையும் மாற்றி, கடைசி நாள் வரிசையில் ஆண்டைத் திருத்தினால் புதிய திட்டம் கிடைத்துவிடும். உங்கள் ஊரில் பலாவுக்குப் பதில் மாமரமோ, கெடிலத்துக்குப் பதில் ஏரியோ இருக்கும். 'கடைசி நாள்' வரிசையை மட்டும் உங்கள் ஊருக்குத் தகுந்தபடி நிரப்பிக் கொள்ளுங்கள்.