வானொலி வானம் - 14: ஒன்றென்று நினைத்தது இரண்டு

சிக்னஸ் ஏ என்ற விண்மீன் மண்டலமும் அதன் நடுவில் இருக்கும் கருந்துளையும் போன வாரமே வந்துவிட்டன. அப்படிப்பட்ட கருந்துளையின் அருகிலிருந்து பாயும் ஜெட் தாரை, சில விண்மீன் மண்டலங்களில் மட்டும் ஏன் ஒரு பக்கமாகத் தெரிகிறது என்பதை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் 1953இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு சிறு கட்டுரை என்னைப் பிடித்துக்கொண்டது. எழுதியவர்கள் ரோஜர் ஜெனிசன், கல்கத்தாவிலிருந்து இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் வானொலி ஆய்வகத்துக்குப் போன மிருணாள் குமார் தாஸ்குப்தா.

அப்போது சிக்னஸ் ஏ போன்றவற்றை ‘ரேடியோ விண்மீன்’ என்றுதான் அழைத்தார்கள். விண்மீன் அளவுக்குச் சிறியதென்றால், அதை அளக்க ஆன்டெனாக்களைக் கடல் கடந்து வைக்க வேண்டியிருக்குமோ என்ற கவலை இருந்தது. அதனால் ஜோட்ரல் பேங்கில் இருந்த ஹான்பரி பிரவுன் வேறு வழி யோசித்தார்: அலைகளையே ஒப்பிட வேண்டாம், அவற்றின் வலிமை ஏறி இறங்குவதை இரண்டு இடங்களில் அளந்து ஒப்பிட்டால் போதும்.

ஓர் ஆன்டெனா ஜோட்ரல் பேங்கிலேயே நின்றது. இன்னொன்றைச் சுற்றுவட்டார வயல்வெளிகளில் இடம் மாற்றி வைத்தார்கள். தூரம் கூடக் கூட இரண்டு பதிவுகளின் ஒற்றுமை குறைந்தது. கடலைத் தாண்டத் தேவையே இல்லை, சில கிலோமீட்டரிலேயே குறைந்துவிட்டது. இன்னும் தள்ளி வைத்தார்கள். ஒற்றுமை மறுபடி ஏறியது! ஒரே திட்டாக இருந்தால் அப்படி ஏறியிருக்காது. வானத்தில் இரண்டு திட்டுகள், இடைவெளி சுமார் ஒன்றரை ஆர்க் நிமிடம், அதாவது முழுநிலவின் அகலத்தில் இருபதில் ஒரு பங்கு. படம் என்று ஒன்றுமே கிடையாது. வரைபடத்தில் எழுந்த இரண்டாவது மேட்டை வைத்தே இவ்வளவையும் சொன்னார்கள். வானியலில் இதைவிட அழகான துப்பறிதலை நான் அதிகம் படித்ததில்லை.

அதே காலத்தில் பலோமர் தொலைநோக்கியில் சிக்னஸ் ஏ-யைப் படமெடுத்த வால்டர் பாடே, அங்கே இரண்டு மண்டலங்கள் மோதிக்கொள்கின்றன என்றார். ருடால்ஃப் மின்கோவ்ஸ்கி மறுத்தார். ஒரு புட்டி விஸ்கிக்குப் பந்தயம். நிறமாலையில், மோதலின் அடையாளமாகக் கருதப்பட்ட அயனியான நியானின் கோட்டைக் கண்டதும் மின்கோவ்ஸ்கி தோல்வியை ஒப்புக்கொண்டார். ஆனால் ரேடியோ அலைகளுக்கு மோதல்தான் காரணம் என்ற விளக்கம் நிலைக்கவில்லை. தாஸ்குப்தாவின் இரண்டு திட்டுகள் நிலைத்தன.

மண்டலம் இருப்பது அவற்றுக்கு நடுவில். இரண்டு திட்டுகளும் சேர்ந்து சுமார் 4 லட்சம் ஒளியாண்டு நீளம். கருந்துளையின் அருகிலிருந்து எதிரெதிர்த் திசைகளில் கிளம்பும் தாரைகள் வெளியே உள்ள மெல்லிய வாயுவில் மோதித் தடைபடுகின்றன. மோதிய இடத்தில் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி, காந்தப்புலத்தில் சுழன்று ரேடியோ அலைகளை உமிழ்கின்றன. அதனால்தான் நடுவைவிட ஓரங்கள் பிரகாசம். நடுவையும் ஓரத்தையும் இணைக்கும் நூல் போன்ற தாரை, 1984இல் பெர்லி, டிரெஹர், கோவன் மூவரும் விஎல்ஏ தொலைநோக்கி வழியே எடுத்து வெளியிட்ட படத்தில்தான் தெளிவாகத் தெரிந்தது.

எம்87 மண்டலத்திலோ, 1918இல் ஹீபர் கர்டிஸ் நேர்க்கோடாக ஒரு கதிரைப் பார்த்தார். அதுவும் ஒரு தாரைதான், ஆனால் ஒரு பக்கம் மட்டும். எதிர்ப்பக்கத் தாரை எங்கே போயிற்று என்பதற்கான விடை அதன் வேகத்தில் இருக்கிறது. அதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.