எந்த வரிசையில் நிற்பீர்கள்?

பேரங்காடியிலுள்ள டோனட் கடையில் ஒரே கூட்டம். வாங்கிச் செல்ல இரண்டு வரிசைகள்: ஒன்றில் 12 பேர், மற்றதில் 8 பேர். மாடியில் திரைப்படம் தொடங்க இன்னும் 6 நிமிடங்களே! எதில் நிற்பீர்கள்? "சிறிய வரிசையில்தான்" என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்!

கைக்கடிகாரத்தைப் பாருங்கள். நீண்ட வரிசையில் நிமிடத்திற்கு 3 பேர் வாங்கிச் செல்கிறார்கள். சிறியதில் ஒருவர்தான், அங்கே ஆளுக்கு ஒரு டஜன் வாங்குகிறார்கள்! 12-ஐ 3-ஆல் வகுத்தால் 4 நிமிடம். 8-ஐ 1-ஆல் வகுத்தால் 8 நிமிடம். நீண்ட வரிசையில் நின்றால்தான் படம் தவறாது!

வருவோரும் செல்வோரும் சமமாயிருந்தால், வரிசையிலுள்ளோரின் சராசரி எண்ணிக்கை = நிமிடத்திற்கு வருவோர் × சராசரிக் காத்திருப்பு நேரம். இதை 1961-இல் நிறுவியவர் அமெரிக்க அறிஞர் ஜான் லிட்டில். அடுத்த முறை வரிசையில் நிற்கும்போது நீங்களும் கணக்கிட்டுப் பாருங்களேன்!