சிறு சரக்குந்தின் சுமைத்திறன்

சிறு சரக்குந்தின் சுமைத்திறன் என்பது, ஊர்திக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து அதன் வெற்று எடையைக் கழித்தால் கிடைக்கும் அளவு ஆகும். ஓட்டுநர், உடன் செல்பவர், தட்டின்மேல் பொருத்திய கூண்டு, ஏற்றிய சரக்கு ஆகிய அனைத்தும் இவ்வளவுக்குள் அடங்க வேண்டும். சரக்குத் தட்டில் மாட்டுக் கூண்டு, சிற்றுண்டிக் கடை, தங்கும் அறை போன்ற கட்டமைப்பைப் பொருத்த விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது இதுவே. இயந்திரத்தின் குதிரைத்திறன் அதற்கு அடுத்தபடியானது. இழுக்கும் ஆற்றல் மிகுந்த ஊர்தி, தாங்கும் ஆற்றலும் மிகுந்ததாக இருக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் பிக்கப் ஊர்தியின் தட்டில் ஏற்றி இறக்கத்தக்க தங்கும் அறையைக் கேம்பர் என்பர். இந்தியாவில் பொலேரோ கேம்பர் என்று விற்கப்படுவது இரு வரிசை இருக்கைகளும் சரக்குத் தட்டும் கொண்ட ஊர்தி. பெயரைக் கண்டு அதில் படுக்கை இருக்கும் என எண்ணிவிடலாகாது.

மதுரையில் குட்டி யானை

டாட்டா நிறுவனம் 2005ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய ஏஸ் ஊர்தி தமிழகத்தில் "குட்டி யானை" என்றும் "சின்ன யானை" என்றும் அழைக்கப்படுகிறது. இரண்டு உருளைகள் கொண்ட டீசல் இயந்திரத்துடன் வந்த அதன் முதல் வகையின் சுமைத்திறன் ஏறத்தாழ 750 கிலோகிராம். ஒசூரில் உருவாக்கப்பட்டு 2011இல் வெளிவந்த அசோக் லேலண்ட் தோஸ்த் 1.25 டன் ஏற்றியது. மகிந்திரா பொலேரோ பிக்கப் வகைகளில் 1.7 டன் ஏற்றுவதும் உண்டு.

மாட்டுத்தாவணிச் சந்தைக்கு மல்லிகை கொண்டுவரும் ஊர்தியில் தட்டு நிறைந்தாலும் எடை வரம்பு எட்டாது. அதே தட்டில் தர்பூசணியை நிரப்பினால், பாதி நிறையும் முன்பே வரம்பு கடந்துவிடக்கூடும். தட்டில் இடம் இருப்பதால் மட்டும் சுமைத்திறன் மிச்சம் இருப்பதாகக் கொள்ள முடியாது.

பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய ஊர்களில் நடைபெறும் சல்லிக்கட்டுக்குக் காளைகள் பெரும்பாலும் இத்தகைய ஊர்திகளிலேயே வந்து சேர்கின்றன. காளை 400 கிலோகிராம், இரும்புக் கூண்டு 120, ஓட்டுநரும் உரிமையாளரும் 140, வைக்கோலும் தண்ணீரும் 40 எனக் கொண்டால் கூடுதல் 700 ஆகிறது. 750 கிலோகிராம் ஊர்திக்கு இது ஏறத்தாழ முழுச்சுமை. மேலும் இரு இளைஞர்கள் பின்னால் ஏறிக்கொண்டால் வரம்பு கடந்துவிடுகிறது. தட்டில் ஆட்களை ஏற்றிச் செல்வது ஆபத்தானதும் ஆகும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2015ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட விதியின்படி மாடு ஒன்றுக்கு 2 சதுர மீட்டர் இடம் வேண்டும். குட்டி யானையின் தட்டு ஏறத்தாழ 3 சதுர மீட்டரே என்பதால், ஒரு காளைக்கு மேல் அதில் ஏற்ற இயலாது.

ஈர்ப்பு மையம்

மூட்டை தட்டின் அடியிலேயே கிடக்கும். நிற்கும் காளையின் எடையோ உயரத்தில் இருக்கிறது. அதுவும் ஒரு பக்கம் சாய்ந்தால் எடை முழுவதும் அப்பக்கம் நகர்கிறது. தங்கும் அறையிலும் கூரைமேல் தண்ணீர்த் தொட்டி வைத்தால் இதே நிலைதான்.

ஊர்தியின் இட வலச் சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் கவிழாமை அளவு கிடைக்கும். அகலம் 1.3 மீட்டர், மையத்தின் உயரம் 1 மீட்டர் எனில் இது 0.65. உயரம் 1.3 மீட்டரானால் 0.5 ஆகக் குறைகிறது. 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் முதல் ஊர்தி கணக்களவில் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வரை கவிழாது. இரண்டாவது 44 வரை மட்டுமே. வில்தட்டுகள் ஒரு பக்கம் அமுங்குவதாலும் சுமை அசைவதாலும் உண்மையான வரம்பு இவற்றினும் குறைவு.

மதுரைச் சமவெளியில் ஓடும்வரை இக்குறை பெரிதாகத் தெரிவதில்லை. வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கோ, 18 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சிறுமலைக்கோ ஏறும்போதுதான் வெளிப்படும். இறக்கத்தில் நிறுத்தியை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறிய பல்லிணையிலேயே இறங்குக என்று பழகிய ஓட்டுநர்கள் கூறுவது இதனால்தான்.

தங்கும் அறைக்கான கணக்கு

இருவர் தங்கும் எளிய அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரும்புச் சட்டமும் ஒட்டுப்பலகையும் தகடும் சேர்ந்து 450 கிலோகிராம், 100 லிட்டர் தண்ணீர் 100, நிறைந்த சமையல் எரிவாயு உருளை 30, மின்கலங்கள் இரண்டு 110, குளிர்சாதனம் 40, இருவர் 140, துணிமணியும் பாத்திரங்களும் 80. ஆகக் கூடுதல் 950. இதற்கு 750 கிலோகிராம் ஊர்தி பொருந்தாது, 1.25 டன் ஊர்தியில் 300 கிலோகிராம் மிச்சம் இருக்கும். அறை கட்டுபவர் பெரும்பாலும் வெற்று அறையின் எடையை மட்டுமே கூறுவார். தண்ணீரையும் ஆட்களையும் சேர்த்துப் பார்ப்பது வாங்குபவரின் பொறுப்பு.

மொத்த எடையைப் போலவே அதன் பகிர்வும் இன்றியமையாதது. அறை பின் அச்சுக்கு அப்பால் நீண்டால், முன் சக்கரங்கள் மீதுள்ள எடை குறைந்து திருப்பும் பிடி இலேசாகிவிடும். எடை மேடையில் முழு ஊர்தியையும், பின்பு முன் சக்கரங்களை மட்டும் ஏற்றியும் எடை பார்த்தால் ஒவ்வோர் அச்சின் சுமையும் தெரியும். சக்கர உறையின் பக்கத்தில் உள்ள சுமை எண்ணையும் நோக்க வேண்டும். எண் 88 என்பது 560 கிலோகிராமையும், 100 என்பது 800 கிலோகிராமையும் குறிக்கும். காற்று குறைந்த உறை சித்திரை வெயிலில் மிகைச் சுமையுடன் ஓடினால் வெடிக்கக்கூடும்.

பட்டறையில் கூடுதலாக ஒரு வில்தட்டு சேர்ப்பது மதுரையில் வழக்கமே. இதனால் ஊர்தி தாழாமல் நிற்கும். ஆயினும் அச்சு, நிறுத்தி, சக்கர உறை ஆகியவற்றின் வலிமை முன்பிருந்ததே. பதிவுச் சான்றிதழில் உள்ள எடை வரம்பும் மாறாது.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவு விவரங்களுக்கு முரணாக ஊர்தியை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. எனவே நிலையான அறையைப் பொருத்தும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிதல் நன்று. மிகைச் சுமைக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டமாக விதித்தது. மொத்த எடை 7,500 கிலோகிராமுக்கு மிகாத சரக்குந்தை இலகு ஊர்தி உரிமம் உடையவர் ஓட்டலாம் என உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது.