கணக்குத் தீராத மொய் நோட்டு

ஆடி பிறந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடியிலிருந்து வடகாடு, கீரமங்கலம் பக்கம் போகிறவர்களுக்குக் கறிக்குழம்பு வாசமே வழி காட்டும். மற்ற ஊர்களில் ஆடியில் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். எங்கள் பக்கம் அந்த மாதத்தில்தான் மண்டபத்துக்குத் தேதி கிடைக்காது. வாசலில் வைத்திருக்கும் பேனரில் மணமக்கள் படம் இருக்காது, காது குத்தப்போகிற குழந்தையும் இருக்காது. ‘மொய் விருந்து’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே ஏழெட்டுப் பேர் கைகூப்பி நிற்பார்கள். சேர்ந்து வைத்தால் பந்தல் செலவும் கிடாய்ச் செலவும் பங்காகிவிடும் என்பதால் பல வீட்டார் ஒரே பந்தலில் நடத்துகிறார்கள். உள்ளே ஆளுக்கொரு மேஜை. மேஜையில் பெயர்ப் பலகை, ஒரு அண்டா, ஒரு நோட்டு, எழுதுகிறவர் ஒருவர், எண்ணுகிறவர் ஒருவர். ஊர், பெயர், தொகை. அவ்வளவுதான் பேச்சு. பிறகு பந்திக்குப் போகலாம்.

‘சின்னக்கவுண்டர்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு மொய் விருந்து என்றால் கஷ்டப்பட்ட குடும்பத்துக்கு ஊர் கைகொடுப்பது. எங்கள் பக்கம் அது ஒரு வாழ்க்கை முறை. ஒருவர் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை வைப்பார். இடைப்பட்ட நான்கு ஆண்டும் மற்றவர்களுக்கு மொய் செய்துகொண்டே இருப்பார். ஆழ்துளைக் கிணறு போட, டிராக்டர் வாங்க, பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க, ஒருவனை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டிய பணம் இப்படித்தான் புரள்கிறது. கையெழுத்து இல்லை, ஜாமீன் இல்லை, வட்டி இல்லை.

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் அப்பத்தா காலத்து மொய் நோட்டு ஒன்று இருக்கிறது. நீளவாக்கு நோட்டு, அட்டையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியது. பிள்ளையார் சுழிக்கு அடுத்த வரி தாய்மாமனுக்கு. அதற்குப் பிறகுதான் ஊர். இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய், ஒரு மரக்கால் நெல். திருப்பிச் செய்த வரிகளின் ஓரத்தில் மட்டும் பென்சிலால் ஒரு கீற்று. அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் பக்கத்தில் எத்தனையாவது வரியில் யார் இருக்கிறார் என்பது தெரியும். விரலை வைத்து, “இது மாங்காட்டு அண்ணன், இன்னும் நம்ம செய்யல” என்பார்.

யான் யுன்ஷியாங் என்ற சீன மானிடவியலாளரின் ஆய்வைப் படித்தபோது அந்த விரல்தான் எனக்கு ஞாபகம் வந்தது. 1971இல் வடகிழக்குச் சீனாவின் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில் ஷியாஜியா என்ற கிராமத்துக்கு விவசாயியாக வந்து சேர்ந்தவர் அவர். ஏழு ஆண்டு அங்கே பாடுபட்டார். பிற்பாடு அமெரிக்காவுக்குப் படிக்கப் போய், 1989இல் அதே கிராமத்துக்கு ஆராய்ச்சியாளராகத் திரும்பினார். அவர் வீடு வீடாகக் கேட்டு வாங்கிப் படித்தவை மொய் நோட்டுகள்! கல்யாணத்துக்கும் சாவுக்கும் வந்தவர்கள் பெயரும் தொகையும் வரிசையாக எழுதிய பட்டியல்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வரவுகளை அவற்றிலிருந்து எடுத்து, யார் யாருக்கு என்ன கொடுத்தார், ஏன் கொடுத்தார் என்று பார்த்தார். 1996இல் அது புத்தகமாக வந்தது. சீனாவின் பல பகுதிகளில் தாய்மாமனுக்குத்தான் விருந்தில் தலைமை இடம் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஆட்களுக்கு அது ஒன்று போதும், சீனா பக்கத்து ஊராகிவிடும்.

இந்தப் பட்டியல்களுக்குப் பின்னால் நிற்பவர் கன்பூசியஸ். கி.மு. 551இல் பிறந்தவர். அவர் பேசிய முக்கியமான பண்புகளில் ஒன்று ‘லி’. சடங்கு, மரியாதை, முறை மூன்றும் சேர்ந்த சொல். தமிழில் நெருங்கிய சொல் ‘முறை’தான் என்று எனக்குத் தோன்றுகிறது. முறை செய்வது, முறை வைப்பது, முறைமாமன் என்று நாம் சொல்வதில் உறவும் கடமையும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன அல்லவா, அப்படி. கன்பூசிய மரபின் ‘சடங்கு நூல்’ இந்த லியின் உயிரே போக்கும் வரவும்தான் என்கிறது. வந்ததற்குப் பதில் போகவில்லை என்றால் அது முறையாகாது. நடைமுறையில் இதற்குச் சீனர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ரென்ச்சிங்’. மனித உணர்வு என்பது அதன் நேர்ப்பொருள். அன்புக்கும் கடனுக்கும் சேர்த்து ஒரே சொல்.

இதில் என்னை வியக்கவைப்பது, இரண்டு ஊரிலும் கணக்கு வேண்டுமென்றே தீர்க்கப்படாமல் வைக்கப்படுவதுதான். நீங்கள் எனக்கு 1,000 ரூபாய் மொய் செய்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் விருந்துக்கு நான் 1,500 ரூபாயோடு வருகிறேன். அதில் 1,000 பழைய மொய், 500 புது மொய். பழைய கடன் அந்த மேஜையிலேயே முடிகிறது, அதே மேஜையில் 500 ரூபாய்க்கு நீங்கள் எனக்குக் கடன்பட்டுவிடுகிறீர்கள். அடுத்த முறை நீங்கள் அதைவிடக் கூட்டிச் செய்வீர்கள். சரியாக 1,000 மட்டும் கொண்டுவந்து வைத்தேன் என்றால், இனி உன் சங்காத்தம் வேண்டாம் என்று வாயைத் திறக்காமலே சொன்னதாகும். சீனக் கிராமத்திலும் வாங்கிய அளவே உடனே திருப்பிக் கொடுப்பது முகத்தில் அடித்தாற்போலத்தான். வங்கிக்குக் கடன் முடிய வேண்டும். முறைக்குக் கடன் நிற்க வேண்டும். வட்டியே இல்லாத பணம் ஐந்து ஆண்டில் விலைவாசியில் கரைந்துபோகாமல் ஓரளவு ஈடுகட்டுவதும் அந்தப் புது மொய்தான். நோட்டில் விலைவாசிக்கென்று தனிக் கட்டம் கிடையாது.

மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925இல், உலகில் இலவசமான பரிசே கிடையாது, ஒவ்வொரு பரிசும் ஒரு பதிலைக் கேட்கிறது என்று நிறுவ முயன்றார். அவருக்குப் பின் வந்த பலர், இந்தியா இதற்கு விதிவிலக்கு என்றார்கள். இங்கே தானம் உண்டு, தானம் திரும்பி வரக்கூடாது என்பது அவர்கள் வாதம். ஆராய்ச்சி நூல்களில் ‘இந்தியப் பரிசு’ என்றால் பெரும்பாலும் அர்ச்சகருக்கும் புரோகிதருக்கும் கொடுக்கும் தானம்தான். ஆலங்குடிப் பக்கம் ஒரு ஆடி மாதம் வந்திருந்தால் அந்த அத்தியாயங்களைக் கொஞ்சம் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

சரி, கன்பூசியஸின் முறை சீனாவில் இரண்டாயிரம் ஆண்டும் அப்படியே இருந்ததா? இல்லை. ஹான் அரசர்கள் காலத்தில் அது அரசாங்கத்தின் படிப்பாயிற்று. அதைக் கரைத்துக் குடித்தவர்களே தேர்வெழுதி அதிகாரியானார்கள். 1905இல் அந்தத் தேர்வு ஒழிந்தது. 1918இல் லூ சுன் எழுதிய ‘பைத்தியக்காரனின் நாட்குறிப்பு’ என்ற கதையில், பழைய அறநூல்களின் வரிகளுக்கு நடுவே மனிதனை மனிதன் தின்பதுதான் நாயகன் கண்ணுக்குத் தெரிகிறது. மகன் தந்தைக்கு, மனைவி கணவனுக்கு, குடி அரசனுக்கு என்று ஒரே பக்கமாகக் குனிந்து குனிந்து முதுகு ஒடிந்த தலைமுறையின் கோபம் அது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே சொல்வேன். 1966 நவம்பரில், கலாச்சாரப் புரட்சியின் இளைஞர் படையான செங்காவலர்கள் பெய்ஜிங்கிலிருந்து கிளம்பிப் போய்க் கன்பூசியஸின் சொந்த ஊரான சூஃபூவில் கோயிலையும் கல்லறைகளையும் உடைத்தார்கள். 1974இல் அவரைத் திட்டுவது நாடு முழுக்க இயக்கமாகவே நடந்தது.

அந்த இயக்கம் நடந்தபோது யான் யுன்ஷியாங் ஷியாஜியாவில் வயல் வேலை செய்துகொண்டிருந்தார். கோயில் இடிந்துகொண்டிருந்தபோதும் மொய் நிற்கவில்லை. கூட்டுப்பண்ணை வந்ததில் சொந்தபந்தத்துக்கு வெளியே சேக்காளிகளும் உடன் வேலை செய்தவர்களும் பட்டியலில் ஏறி, அது நீண்டது. ஆனால் ஒன்று மாறியது. தானியமும் வேலையும் கட்சி அதிகாரிகள் கையில் இருந்ததால், அவர்கள் வீட்டுக்குப் போன மொய் திரும்பி வரவில்லை. கீழிருந்து மேலே மட்டும் போயிற்று. திரும்பக் கொடுக்காதவன் முகம் இழப்பான் என்பது பழைய விதி. இங்கே திரும்பக் கொடுக்காதவருக்கே கௌரவம் ஏறியது. நோட்டு அதேதான், எழுதும் முறையும் அதேதான். உள்ளே இருந்த கன்பூசியஸ் தலைகீழாக நின்றார்.

பின்னாளில் அரசே அவரைத் திரும்ப அழைத்தது. 2011 ஜனவரியில் தியானன்மென் சதுக்கத்தை ஒட்டி, தேசிய அருங்காட்சியகத்தின் முன்னால் ஒன்பதரை மீட்டர் உயரத்தில் கன்பூசியஸ் சிலை எழுந்தது. ஏப்ரலில் ஒரு நாள் அது அந்த இடத்தில் இல்லை. 2013இல் பெற்றோரை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்று சட்டமே வந்தது. மகன் தானாகச் செய்ததைச் சட்டம் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அதைப் படித்தபோது மனம் கனத்தது.

கிராமத்தில் நடந்ததுதான் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றாகப் புரியும். கையில் காசு புழங்கத் தொடங்கியதும் சீனக் கிராமங்களில் மொய் ஏறிக்கொண்டே போனது. கொடுத்ததைத் திரும்ப எடுக்க ஒரு விசேஷம் வேண்டுமே. வீடு கட்டினால் விருந்து, கார் வாங்கினால் விருந்து, பையன் பட்டாளத்தில் சேர்ந்தால் விருந்து. இதற்கு ‘வூ ஷி ஜியூ’ என்று பெயர் வந்தது. காரியமே இல்லாத விருந்து என்று பொருள். குய்சோ போன்ற மாகாணங்களில் உள்ளூர் நிர்வாகம் கல்யாணம், சாவு தவிர மற்ற விருந்துகளுக்குத் தடை போட்டது. பல கிராமங்களில் நல்லது கெட்டதுக்கென்று குழு அமைத்து, எத்தனை பதார்த்தம், எவ்வளவு மொய் என்று உச்சவரம்பு வைக்கிறார்கள்.

அங்கே தடைக்குள்ளானது இங்கே எப்படி ஊர் வழக்கமாயிற்று? எங்கள் பக்கம் சாக்குச் சொல்லவில்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன். காதுகுத்து என்று அழைத்துவிட்டுப் பணம் எதிர்பார்ப்பதில்லை. பணத்துக்குத்தான் விருந்து என்று பேனரிலேயே போட்டாயிற்று. கூடவே ஐந்தாண்டு இடைவெளி என்ற வரம்பையும் மக்களே வைத்துக்கொண்டார்கள். அதனால் யாரும் ஆண்டுதோறும் இலை போட்டுக் கறக்க முடியாது.

இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் தென்னையையும் பலாவையும் வாழையையும் சாய்த்துப்போட்டபோது, மொய் நோட்டும் சேர்ந்து சாய்ந்தது. அடுத்த ஆடிக்கு முறை வந்தவர்கள் விருந்து வைத்தார்கள், ஆனால் வர வேண்டியது வரவில்லை. ஒருவன் கை வறண்டால் அவனை நம்பி இருக்கும் அடுத்தவன், அவனை நம்பி இன்னொருவன். வீடு தேடிப்போய்க் கேட்டவர்களும் உண்டு, கேட்கக் கூசிப் பேசாமல் இருந்தவர்களும் உண்டு. 2020இல் ஊரடங்கு, கூட்டமே கூடாது. இப்போது பணம் எண்ணும் இயந்திரம் வந்திருக்கிறது, ரசீது அச்சடிக்கும் கணினி வந்திருக்கிறது, மேஜை ஓரத்தில் கியூஆர் அட்டை நிற்கிறது. சீனாவில் 2014 முதல் வீசாட் செயலியிலேயே, மொய்ப் பணம் வைத்துக் கொடுக்கும் சிவப்பு உறையை அனுப்பிவிடலாம், விருந்துக்குப் போகவே வேண்டாம். பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் “மழை எப்படி உங்க பக்கம்?” என்று கேட்கும் அந்தக் கால்மணி நேரம் எந்தச் செயலியிலும் வராது. எனக்கு அதுதான் கவலை.

கன்பூசியஸின் சீடர்களில் ட்ஸூகோங் என்பவர் வியாபாரி, கணக்கில் கெட்டிக்காரர். அமாவாசைச் சடங்கு வெறும் பேருக்கு நடக்கிறது, அரசரே வருவதில்லை, ஆட்டை மட்டும் ஏன் வெட்ட வேண்டும் என்று அவர் கேட்டாராம். உனக்கு ஆடு பெரிதாகத் தெரிகிறது, எனக்குச் சடங்கு பெரிது என்ற பொருளில் குரு பதில் சொன்னார். ஓடு மட்டுமாவது மிஞ்சட்டும், உள்ளே இருந்தது ஒருநாள் திரும்பலாம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கிடாய்க்கறி வேகும் பந்தல்களில் நிற்கும்போதெல்லாம் இந்தக் கதை எனக்கு ஞாபகம் வரும். ட்ஸூகோங் பக்கமும் சில சமயம் மனம் சாயும்.

ஒரு மகனை எடைபோட வேண்டுமானால், தந்தை போன பிறகு மூன்று ஆண்டு அவன் எப்படி நடக்கிறான் என்று பார்க்க வேண்டும் என்பதும் கன்பூசியஸின் அளவுகோல். எங்கள் பக்கம் மொய்க் கடன் அப்பாவோடு போவதில்லை, மகன் கைக்கு வரும். அப்பா இறந்த அடுத்த ஆடியில் அவருடைய சேக்காளி வீட்டு விருந்துக்குப் போனேன். அவரும் அப்போது இல்லை, அவர் மகன்தான் கைகூப்பி நின்றார். எழுதுகிறவர் பழைய நோட்டைப் புரட்டி அப்பாவின் வரியைக் கண்டுபிடித்தார். அவர்கள் செய்திருந்த 500க்கு மேல் 500 வைத்து 1,000 ரூபாயை நீட்டினேன். பேனாவை நோட்டில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பி, புதுசை உங்க பேர்ல எழுதவா, அப்பா பேர்லயா?”

அப்பா பேரிலேயே எழுதச் சொன்னேன்.