வீடும் அலுவலகமும்: மடிக்கணினியின் வலைமுகவரி

வில்லியனூர், பாகூர் முதலிய கொம்யூன்களில் வசித்து, நாடோறும் உத்தியோக நிமித்தம் புதுச்சேரி நகரம் சென்று வருவோர் பலர் மடிக்கணினியையும் உடன் கொண்டு செல்கின்றனர். 2020ஆம் ஆண்டு மார்ச்சு 25இல் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது அலுவலகக் கணினிகள் பல வீடு வந்து சேர்ந்தன. அங்ஙனம் வந்த கணினிகளில் நேரும் ஒரு தொல்லையைக் குறித்து ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம். அலுவலகத்தில் செவ்வனே இயங்கிய கணினி வீட்டில் வைஃபையுடன் இணைந்ததாகக் காட்டும். அலைக்குறியும் நிறைந்து நிற்கும். ஆயினும் ஒரு பக்கமேனும் திறவாது. பழுதென்று எண்ணிக் கடைக்குக் கொண்டு செல்வாரும் உளர். பழுது யாதுமில்லை.

நம் பக்கத்து நீர்ப்பாசனத்தைக் கொண்டு இதனை விளக்குதல் எளிது. பெண்ணையாற்றுச் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்கு நீர் கொணர்கின்றது. வில்லியனூரை அடுத்த ஊசுட்டேரியின் வாய்க்கால் வேறு, மதகு வேறு. பாகூர் ஏரிப் பாசனத்து நிலத்தை உழுபவன் ஊசுட்டேரி மதகின் முன் காத்து நின்று பெறுவதென்ன? ஐ.பி. முகவரி கணினிக்குரியது போலத் தோன்றினும், உண்மையில் இடத்துக்குரியது. அலுவலகத்தார் 192.168.10.45 என்ற முகவரியையும், 192.168.10.1 என்ற வாயிலையும் நிலையாகக் குறித்திருக்க, வீட்டு ரௌட்டர் 192.168.1.1 என்னும் வாயிலில் நின்றால், கணினி அங்கில்லாத வாயிலையே தட்டிக்கொண்டிருக்கும்.

நிலையெண்ணை அலுவலகங்கள் விரும்புதற்குக் காரணம் உண்டு. இன்ன கணினிக்கு இன்ன எண் என்று தெரிந்திருந்தால், அச்சுப்பொறியையும் கணக்குக் கோப்புகளையும் யாவர் அணுகலாம் என வரையறுத்தல் எளிது. வீட்டு ரௌட்டரோ, வரும் கருவிக்கெல்லாம் டி.எச்.சி.பி. என்னும் முறையால் தானே எண் வழங்குவது.

மாலைதோறும் எண்களை அழித்துக் காலைதோறும் எழுதுவோர் பலர். இஃது ஆகாத வழி என்பது எமது துணிபு. 45 என்பது 46 ஆகிவிடின், அவ்வெண்ணுக்குரிய மற்றொருவர் கணினியும் தடுமாறக்கூடும். சம்பளப் பட்டியல் அனுப்பும் நாளில் இது நேர்ந்தால் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை.

அலுவலகத்தில் கம்பியும் வீட்டில் வைஃபையும் ஆயின், கம்பியிணைப்பில் நிலையெண்ணையும் வைஃபையில் 'ஆட்டோமேட்டிக்' என்பதையும் வைத்தால் பின்னர் ஒன்றும் மாற்ற வேண்டா. ஈரிடத்தும் வைஃபையே ஆயின், விண்டோஸ் 11இல் 'செட்டிங்ஸ்' வழியே அலுவலக வைஃபையின் பண்புகளுக்குச் சென்று, 'ஐ.பி. அஸைன்மென்ட்' என்பதில் 'மேனுவல்' என அமைக்கலாம். அவ்வமைப்பு அப்பெயருடைய வைஃபைக்கு மட்டுமே செல்லும். பழைய 'கன்ட்ரோல் பேனல்' வழியே எழுதினாலோ எல்லா வைஃபைக்கும் பொதுவாகிவிடும். தொல்லையின் வேர் பெரும்பாலும் அதுவே. ஆப்பிள் கணினியில் 'லொகேஷன்ஸ்' என இடத்துக்கோர் அமைப்பைப் பெயரிட்டு வைக்கலாம்.

இவையெல்லாவற்றினும் சிறந்தது வேறொன்று. ஒவ்வொரு கணினிக்கும் அதன் வலைப்பொருத்தியில் வன்பொருள் எண் ஒன்று உண்டு. அதனை அலுவலக ரௌட்டரில் பதிவு செய்துவிட்டால், கணினி கேட்கும்போதெல்லாம் அதே முகவரியை ரௌட்டரே வழங்கும். அலுவலகத்தார்க்கு வேண்டிய நிலையெண்ணும் கிட்டும். கணினியோ ஈரிடத்தும் 'ஆட்டோமேட்டிக்' நிலையிலேயே இருக்கும். ஆயின், வன்பொருள் எண்ணை மறைத்து வேறெண் காட்டும் 'ரேண்டம்' வசதியை அலுவலக வைஃபைக்கு நிறுத்திவைத்தல் வேண்டும். கணினிப் பொறுப்பாளரை ஒருமுறை அணுகிக் கேட்க நம்மவர் ஏனோ கூசுகின்றனர்.

இத்தனையும் செய்தும் வீட்டில் பக்கம் திறவாதாயின், 'பிராக்ஸி' என்னும் இடைத்தரகனைப் பார்க்க. அலுவலகத்துக்கென எழுதிய பிராக்ஸி, முகவரியை மாற்றினாலும் மாறாது விண்டோஸில் தங்கியிருக்கும். 'செட்டிங்ஸ்' உள்ளே அதற்கெனத் தனிப்பகுதி உண்டு. வீட்டில் அதனை அணைத்துவிட்டுப் பக்கத்தை மீண்டும் திறந்து பார்க்க.