லினன் மேற்சட்டையை வீட்டிலேயே தைப்போம்

புனேயில் பங்குனி பிறந்ததுமே வெயில் ஏறிவிடுகிறது. ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்திலுள்ள பீடபூமி நகரமாதலால் சென்னையின் புழுக்கம் இங்கில்லை. எனினும் சித்திரை நண்பகலில் வெப்பம் 40 டிகிரியை எட்டுவதுண்டு. அந்நாளிலும் உடலை இறுக்கும் ஆயத்தச் சட்டையோடு அடுப்படியில் நிற்கும் நம் சகோதரிகளுக்காகவே இதனை எழுதுகிறோம்.

லினன் நமக்கு அந்நியப் பொருளன்று. அண்டை வீட்டு மராத்தியச் சகோதரி ஜவஸ் சட்னிப் பொடி தருகிறாரன்றோ? அந்த ஆளிவிதைச் செடியின் தண்டிலுள்ள நாரே லினன். நம் நாட்டில் அது பெரும்பாலும் விதைக்காகவே பயிராகிறது; நூற்பதற்கேற்ற நீண்ட நார் பிரான்ஸ், பெல்ஜியம் முதலிய நாடுகளிலிருந்து வருகிறது. விலை மிகுந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இலட்சுமி சாலைக் கடைகளில் லினன் என்று காட்டுவதெல்லாம் லினன் ஆகிவிடாது. ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். உருகி மணியாகத் திரண்டால் பாலியெஸ்டர் கலந்தது. காகிதம்போல் எரிந்து சாம்பலானால் செடி நார். ஆயினும் பருத்தியும் அவ்வாறே எரியுமாதலால் இச்சோதனையை மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டாம்.

58 அங்குல அகலத் துணியில் ஒன்றரை மீட்டர் போதும். வாங்கியவுடன் கத்தரியை எடுப்பதே பெருந்தவறு. லினன் முதற் சலவையில் சுருங்கும். 30 அங்குல நீளம் ஒன்றரை அங்குலம் வரை குறையக்கூடும். தைத்த பின் குறைந்தால் திருத்த வழியேது? ஆதலால் முழுத் துணியையும் ஓரிரவு நீரில் ஊறவைத்து, முறுக்காமல் உலர்த்தி, ஈரம் சற்று இருக்கும்போதே இஸ்திரி போடுக. பிறகு குறுக்கே ஓர் இழையை உருவினால் நேர்கோடு தெரியும். அதன்மேல் வெட்டினால் சட்டை கோணாது.

மார்புச் சுற்று 36 அங்குலமானால், முன்னும் பின்னும் 23 அங்குல அகலம், முப்பத்தொன்றரை நீளம் கொண்ட இரு துண்டுகள். கைகளுக்கு 17 அங்குலச் சதுரம் இரண்டு. அனைத்தும் நேர்வெட்டே. அக்குளை வளைத்து வெட்டும் வேலை இல்லை. உடம்பைவிட எட்டங்குலம் தளர்வாக இருப்பதால் காற்று உள்ளே உலவும். கழுத்து அகலம் 7, முன் இறக்கம் ஆறரை, பின் இறக்கம் 1 அங்குலம். எஞ்சும் துண்டுகளில் கழுத்துப் பட்டியும் ஒரு பையும் வெட்டிக்கொள்ளலாம். பை இல்லாத சட்டையை நாம் சட்டையாகவே மதிப்பதில்லை!

லினன் ஓரம் எளிதில் பிரியும். எனவே நல்ல பக்கம் வெளியே தெரிய முதலில் கால் அங்குலத்தில் தைத்து, ஓரத்தை நறுக்கி, உட்புறம் திருப்பி மறுமுறை தைத்தால் பிசிர் உள்ளேயே அடங்கிவிடும். இயந்திரத்தில் 14ஆம் எண் ஊசி ஏற்றது. பக்கங்களில் கீழிருந்து 6 அங்குலம் திறந்து விடுக. தரையில் அமரத் தடையிராது.

நனைந்த லினன் உலர்ந்ததைவிட வலுவுடையது. ஆகவே கையால் துவைக்க அஞ்சவேண்டுவதில்லை. அணிந்த அரை மணியில் சுருக்கம் விழும். அதைக் கண்டு மாமியார் முகம் சுளித்தால், துணியின் இயல்பே அது என்று சொல்லிவிடுங்கள்.