பாத்தி கட்டிக் குளிர் பாய்ச்சுதல்

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் பயணம் செய்த நேயர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பீர்கள். கரிசல் நிலத்தின் நடுவே, ஒன்றையொன்று தொடாமல், எட்ட எட்ட நிற்கும் சிற்றறைகள். அவை பட்டாசு ஆலையின் வேலை அறைகள். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையே இவ்வளவு தூரம் வேண்டும், ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கலாகாது, இவ்வளவு மருந்துக்கு மேல் வைக்கலாகாது என்று வெடிபொருள் விதிகள் வரம்பு கட்டியுள்ளன. ஓர் அறையில் நேரும் தீங்கு மற்றோர் அறைக்குப் பரவாதிருக்கவே இந்த ஏற்பாடு.

பட்டாசுத் தொழிலில் இவ்வாறு இடத்தைப் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் உரியதை உரிய அளவில் வைக்கக் கற்றிருக்கிறோம். அதே வட்டாரத்தில் எழும் அலுவலகம், அச்சகம், விற்பனைக் கூடம், திருமண மண்டபம் ஆகியவற்றில் குளிர்சாதனம் அமைக்கும்போது மட்டும் இந்தப் பாடத்தை மறந்துவிடுகிறோம். கட்டடம் முழுவதற்கும் ஒரே பொறி, ஒரே விசை, ஒரே குளிர். மேற்குப் பக்க அறையில் இருப்பவர் வியர்வை துடைக்கிறார். உள்ளறையில் இருப்பவர் போர்வை தேடுகிறார். ஆளே இல்லாத கூட்ட அறை தன்னந்தனியாகக் குளிர்ந்து கிடக்கிறது. மூன்றுக்கும் சேர்த்து மின்கட்டணம் வருகிறது.

இதற்கு மாற்று, கட்டடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் வேண்டும் அளவு மட்டும் வெப்பமோ குளிரோ கொடுப்பது. உழவருக்கு இது புதிய செய்தியன்று. கண்மாயின் மடையைத் திறந்து, வயல் முழுவதையும் ஒரே வெள்ளமாக அவர் நிரப்புவதில்லை. பாத்தி கட்டுகிறார், மேட்டுப் பாத்திக்கு ஓர் அளவு, பள்ளப் பாத்திக்கு ஓர் அளவு என்று மண்வெட்டியால் வாய்க்காலைத் திருப்பி விடுகிறார். காற்றுக்கும் அவ்வாறே பாத்தி கட்டலாம்.

இந்த எண்ணம் பிறந்த இடம் ஒரு பள்ளிக்கூடம். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியொன்றில் வாரன் ஜான்சன் என்னும் பேராசிரியர் பணியாற்றினார். அது குளிர்நாடு. பள்ளியின் ஏவலர் அறை அறையாக வந்து வெப்பத்தைப் பார்த்து, பின்னர் கீழே சென்று நீராவியைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். பாடம் நடுவில் தடைப்படும். இந்த இடையூற்றைத் தவிர்க்க, அறையின் வெப்பத்தைத் தானே உணர்ந்து தெரிவிக்கும் மின்சாரக் கருவியொன்றை அவர் அமைத்து, 1883-இல் காப்புரிமை பெற்றார். அதுவே இன்று நாம் தெர்மோஸ்டாட் என்று வழங்கும் வெப்பநிலைக் காப்பான். பிறகு, ஒவ்வோர் அறையின் வெப்பத்தையும் தனித்தனியே ஆளும் முறையையும் அவரே வகுத்தார்.

சிவகாசிக்கு இன்னும் நெருங்கிய உறவுடையது மற்றொரு வரலாறு. குளிர்சாதனம் முதலில் மனிதரின் சுகத்துக்காகத் தோன்றியது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது காகிதத்துக்காகத் தோன்றியது. 1902-ஆம் ஆண்டு, நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் இருந்த வண்ண அச்சகம் ஒன்றில், கோடைக்காலப் புழுக்கத்தில் காகிதம் விரிந்து, ஒரு வண்ணத்தின் மேல் மறு வண்ணம் பொருந்தாமற் போயிற்று. இதற்குப் பரிகாரம் காணும் பணி வில்லிஸ் காரியர் என்னும் 25 வயது இளைஞரிடம் வந்தது. குளிர்ந்த குழாய்களின்மேல் காற்றைச் செலுத்தினால், செம்பில் வைத்த குளிர்நீரின் புறத்தே துளி அரும்புவதுபோல், காற்றிலுள்ள நீராவி துளியாகி வடிந்துவிடும். அம்முறையால் அச்சகத்தின் ஈரப்பதத்தை 55 சதவீத அளவில் நிறுத்த அவர் திட்டம் வகுத்தார். இன்றைய குளிர்சாதனத்தின் தொடக்கம் அதுதான்.

புரூக்ளின் அச்சகத்தின் துன்பம் சிவகாசி அச்சகத்தாருக்கு நன்கு தெரிந்த துன்பமே. காகிதம் தாவர நாரால் ஆனது. ஈரத்தைக் குடித்தால் விரியும், இழந்தால் சுருங்கும். ஒரு மீட்டர் அகலமுள்ள தாள் ஆயிரத்தில் ஒரு பங்கு விரிந்தாலும் ஒரு மில்லிமீட்டர் பிசகும். முதல் வண்ணம் காலையிலும் அடுத்த வண்ணம் மாலையிலும் ஏறுமானால், அந்த ஒரு மில்லிமீட்டரில் படத்தின் உதடு ஓரிடத்திலும் அதன் சிவப்பு வேறிடத்திலும் நிற்கும். ஆடிப்பெருக்கன்று புதிய நாட்காட்டி மாதிரிகளை வெளியிடுவது சிவகாசி வழக்கம். அன்று தொடங்கும் வேலை மார்கழி வரை நீள்கிறது. இடையே ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்து காற்றில் ஈரத்தை ஏற்றிவிடுகிறது. வறண்ட பூமி என்பதனால் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஏற்ற இடமான இவ்வூரில், அச்சு வேலை மிகுந்த காலமும் ஈரம் மிகுந்த காலமும் ஒன்றாகவே அமைந்திருக்கின்றன.

ஆகவே ஓர் அச்சகத்தை எடுத்துக்கொண்டு பாத்தி கட்டிப் பார்ப்போம். அச்சுக் கூடத்துக்கும் தாள் வைக்கும் அறைக்கும் வேண்டியது நிலையான ஈரப்பதம். இரவும் பகலும் அது மாறலாகாது. அலுவலகத்துக்கு வேண்டியது மனிதருக்கு இதமான வெப்பநிலை. அதுவும் வேலை நேரத்தில் மட்டும். கட்டுப் போடும் கூடத்துக்கு நல்ல காற்றோட்டமும் மின்விசிறியும் போதும். இம்மூன்றையும் ஒரே பொறியில் பிணைத்தால் என்ன நேரும்? ஈரத்தை வடிப்பதற்காகக் காற்றை மிகவும் குளிர்விக்க வேண்டும். அவ்வளவு குளிர்ந்த காற்றை அப்படியே கூடத்தில் விட்டால் கூடம் அளவுக்கு மேல் குளிர்ந்துவிடும். எனவே அதனை மீண்டும் சற்றுச் சூடாக்கி அனுப்ப வேண்டும். முதலில் குளிர்விக்கச் செலவு, பிறகு சூடாக்கச் செலவு. தாளுக்கு அவசியமான இந்த இரட்டைச் செலவை, அதை ஒரு சிறிதும் வேண்டாத அலுவலகமும் கட்டுக் கூடமும் சேர்ந்து சுமக்கின்றன.

பகுதி பிரித்துவிட்டால் இரட்டைச் செலவு தாள் இருக்கும் இடத்தோடு நின்றுவிடுகிறது. அங்கும் ஒரு சிக்கனம் உண்டு. குளிர்சாதனம் வெப்பத்தை அழிப்பதில்லை. உள்ளேயிருந்து எடுத்து வெளியே வீசுகிறது. வெளியே வீசும் அந்த வெப்பத்தில் ஒரு பகுதியைத் திருப்பி, மறுபடி சூடாக்கும் வேலைக்குக் கொடுத்துவிட்டால், தனியே மின் அடுப்பு வேண்டியதில்லை. உதகையைப் போன்ற குளிர்மலை ஊர் அல்லாத நம் பக்கத்திலும் சூடாக்கும் ஏற்பாட்டுக்கு இவ்வாறு ஓர் இடம் இருக்கிறது.

இனி, கதிரவன் கட்டும் பாத்தியைக் கவனிப்போம். வெம்பக்கோட்டை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் உள்ளது. சித்திரைத் தொடக்கத்தில் ஒருமுறையும் ஆவணியில் ஒருமுறையும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே நிற்கிறது. ஆகையால் கூரையே மிகுந்த வெயிலை வாங்குகிறது. கிழக்குச் சுவர் காலையில் காய்கிறது. மேற்குச் சுவர் மாலையில் காய்கிறது. எல்லா அறைகளுக்கும் ஒரே நேரத்தில் மிகுந்த குளிர் தேவைப்படுவதில்லை என்பது இதனால் விளங்கும்.

ஒரு கற்பனைக் கணக்குப் பார்க்கலாம். குளிர்சாதனத்தின் ஆற்றலை 'டன்' என்று அளக்கிறோம். ஒரு டன் என்பது ஏறத்தாழ மூன்றரை கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். கிழக்கு அறைக்குக் காலையில் 3 டன், மாலையில் ஒன்றரை டன். மேற்கு அறைக்குக் காலையில் ஒன்றரை டன், மாலையில் மூன்றரை டன். நடு அறைக்கு எப்போதும் 2 டன். ஒவ்வோர் அறையின் உச்சத் தேவையையும் கூட்டினால் எட்டரை டன் ஆகிறது. ஆனால் ஒரே நேரத்தில் வேண்டியது காலையில் ஆறரை டன், மாலையில் 7 டன் அவ்வளவே. குளிரை அறைக்கு அறை மாற்றிவிடும் ஏற்பாடு இருந்தால் 7 டன் பொறியே போதுமானது. வாங்கும் விலையிலும் மிச்சம், ஓடும் செலவிலும் மிச்சம்.

மாற்றிவிடுவது எவ்வாறு? இரு வழிகள் உண்டு. ஒன்று, பெரிய காற்றுக் குழாயிலிருந்து கிளை பிரியும் இடங்களில் தகட்டுக் கதவுகளை வைப்பது. அறையிலுள்ள வெப்பநிலைக் காப்பான் 'போதும்' என்றதும் கதவு ஒடுங்குகிறது. விசிறியும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. விசிறியின் வேகம் பாதியானால் அது உண்ணும் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகக் குறையும் என்பது இயந்திர நூல் கூறும் விதி. மற்றொரு வழி, காற்றுக்குப் பதிலாகக் குளிரூட்டும் திரவத்தையே மெல்லிய குழாய்களில் ஒவ்வோர் அறைக்கும் வேண்டும் அளவில் அனுப்புவது. ஜப்பானில் 1982-இல் வெளிவந்த இம்முறை இன்று நம் ஊர்க் கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் வந்துவிட்டது.

கருவி எதுவாயினும் அதைப் பயன்படுத்தும் கைக்கு அறிவு வேண்டும். குளிர்சாதனத்தின் எண்ணை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு கூறுகிறது. 2020 ஜனவரி முதல், அறைக் குளிர்சாதனங்கள் தொடங்கும்போதே 24 டிகிரியில் நிற்குமாறு விதி செய்யப்பட்டதும் இதனாலேயே. 18 டிகிரியில் வைத்துக் கம்பளி போர்த்திக்கொள்வது பெருமையன்று; விரயம்.

இவ்வளவும் சொல்லி, நான் தொடங்கிய இடத்துக்கு மீள வேண்டியவனாகிறேன். கரிசலின் நடுவே நிற்கும் அந்தச் சிற்றறைகளில் வேலை செய்வோருக்கு என்ன வழி? அங்கே குளிர்சாதனப் பெட்டியை மாட்ட இயலாது. மின் விசையின் ஒரு சிறு பொறி போதும், பெருந்தீங்கு விளைய. நீர்க்காற்று வீசும் கூலரும் உதவாது. அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் உள்ளுக்குள்ளேயே வெப்பம் பிறக்கக்கூடும். அறைகளைச் சூழ்ந்து சருகு சேரலாகாது என்பதால் மரநிழலும் அங்கே எளிதன்று. காற்று மிக வறண்டால் உராய்வு மின்சாரம் பெருகும் என்ற அச்சமும் உண்டு. உள்ளே நுழையுமுன் செப்புத் தகட்டைத் தொடும் பழக்கம் அதற்காகவே. மருந்து கலக்கும் வேலையைக் காலைக் குளிர்ச்சியிலேயே முடித்துவிடுவதும் அனுபவம் தந்த அறிவு. இடத்தைப் பகுப்பதுபோல் நேரத்தையும் பகுக்கும் முறை அது.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தகைய விபத்துகளுக்குக் காரணங்கள் பல. வெம்மை ஒன்றையே குற்றம் சொல்வது சரியன்று. எனினும் வெம்மையில் களைத்த உடல் கவனம் தவறும். மருந்தோடு பழகும் கை தவறலாகாது.

வேலையிடத்தைக் குளிர்விக்க முடியாதபோது, இளைப்பாறும் இடத்தைக் குளிர்விக்கலாம் அல்லவா? மருந்து அறைகளிலிருந்து பாதுகாப்பான தூரத்தில், உரிமத்துக்கும் விதிக்கும் உட்பட்டு, உணவு உண்ணவும் சற்றுச் சாயவும் ஒரு கூடம். அங்கே விசிறியும் குளிர்ந்த காற்றும் குடிநீரும். வேலை அறைகளின் கூரைக்கு ஆண்டுதோறும் வெள்ளைச் சுண்ணாம்பு. எதிரெதிரே திறந்த வழிகளால் காற்றோட்டம். பங்குனி முதல் ஆவணி வரை, உச்சி வெயிலில் ஒரு மணி நேர ஓய்வு. ஆலை முழுவதையும் ஒரு கட்டடமாக எண்ணிப் பாத்தி கட்டினால், குளிர் முதலில் பாய வேண்டிய பாத்தி அந்த இளைப்பாறும் கூடமே என்பது விளங்கும்.

அதற்குப் பணம் எங்கே என்று கேட்கலாம். நகரத்து அலுவலகத்தில், ஆளில்லாத கூட்ட அறையில், 18 டிகிரியில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. மடையை அங்கே அடைத்து, இங்கே திறக்க வேண்டும்.